சிங்கப்பூரா துபாயா, ஹெச்ஆர் வேலைக்கு எது கைல நிக்கும்?

காரைக்குடி பக்கத்துல எம்பிஏ ஹெச்ஆர் முடிச்ச தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்குறாங்க. சிங்கப்பூர் நமக்குப் புது ஊர் இல்ல, டேங்க் ரோடு முருகன் கோயிலே 1859ல நகரத்தார் கட்டுனதுதான், அதனால வீட்ல அப்பத்தாகூட அங்கதான் போகச் சொல்வாங்க. ஆனா நுழையுறதே கஷ்டம், அங்க வேலை பாக்க வேண்டிய எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கற விசாவுக்கு குறைஞ்ச சம்பளத்த 2025 ஜனவரில மாசம் 5,600 வெள்ளியாக்கிட்டாங்க (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர்), வயசு ஏறுனா அதுவும் ஏறும், புது ரெக்ரூட்டருக்கு அவ்ளோ குடுக்க கம்பெனி ரொம்ப யோசிக்கும். பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை வாங்குற வரைக்கும் சிபிஎஃப்பும் (நம்ம பிஎஃப் மாதிரி) இல்ல, வரி வேற.

துபாய்ல சம்பளத்துக்கு வருமான வரியே இல்ல. ஆனா ஆஃபர் லெட்டர்ல பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் எவ்ளோன்னு கட்டாயம் பாருங்க, வேலைய விட்டு வரும்போது குடுக்குற கிராஜுவிட்டி அத வச்சுத்தான், மொதல் 5 வருஷம் வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அப்புறம் 30 நாள், வீட்டு வாடகை அலவன்ஸ் சேராது. மொத்தம் 10,000 திர்ஹாம்ல பேசிக் 4,000ன்னா 5 வருஷத்துக்கு கிராஜுவிட்டி 14,000, அதே 6,000ன்னா 21,000, எவ்ளோ வித்தியாசம் பாருங்க! நம்ம புள்ளைங்க மொத்தத்த மட்டும் பாத்துட்டு கையெழுத்து போடுறதப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

அனுபவம் கம்மின்னா துபாய்தான் என் ஓட்டு. 8, 10 வருஷம் ஆகி, குடும்பத்தோட பிஆர் வாங்கி தங்குற எண்ணம்னா சிங்கப்பூருக்கு முயற்சி பண்ணுங்க.