துணி அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர், விவசாயம் நடக்கும் வீட்டுக்கு எப்படி?

எங்கள் பண்ணை வீட்டுச் சுவர்களுக்கு சென்ட்ரிங் பலகையே அடிக்கவில்லை. கம்பிக்கூட்டின் இரண்டு பக்கமும் கெட்டியான நெய்த துணியை இழுத்துக் கட்டி, அதற்குள் கான்கிரீட் ஊற்றினார்கள். கனடாவில் மார்க் வெஸ்ட், ஜப்பானில் கென்சோ உன்னோ போன்ற கட்டடக் கலைஞர்கள் பல வருடங்கள் சோதித்துப் பார்த்த முறைதான்.

உபரித் தண்ணீரும் காற்றுக்குமிழியும் துணி வழியாகவே வெளியேறிவிடுவதால் சுவரின் முகம் நெருக்கமாக, உறுதியாக வருகிறது. நாங்கள் பூசவே இல்லை. தானியத் தூசி எவ்வளவு படிந்தாலும் தண்ணீர் அடித்தால் போய்விடுகிறது, கிட்டப்போய்ப் பார்த்தால் துணியின் நெசவு இழை இழையாகத் தெரியும், அவ்வளவு அழகு.

ஆனால் இந்த வீட்டை விவசாய வீடாக்குவது குழாயோ பலகையோ மாட்டுவதற்காகச் சுவருக்குள் பதித்த இரும்பு சாக்கெட்டுகள்தான். இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை, தலைக்கு மேல் ஒரு வரிசை, எல்லாம் வார்ப்பதற்கு முன்பே கம்பியோடு சேர்த்துக் கட்டியவை. அறுவடை சமயத்தில் மேல் வரிசையில் குழாய்களைச் செருகித் தார்ப்பாய் கட்டினால் வெளிப்பக்கம் முழுக்க உலர்த்தும் கொட்டகை, அப்புறம் அதைக் கழற்றிவிட்டுக் கீழ் வரிசையில் பலகை மாட்டினால் நாற்றுத் தட்டுகளுக்கு இடம். கூரையின் பாரம் முழுவதும் வெளிச்சுவர்களிலேயே இறங்குவதால் உள்ளே இருப்பதெல்லாம் வெறும் மரத் தடுப்பு, விதை அறையைப் படுக்கையறையாக்க அதை நகர்த்தினால் போதும்.

குறையும் உண்டு. துணி தலையணை போல உப்பிக்கொள்வதால் சுவர் சமமாக இருக்காது, அலமாரியை ஒட்டி வைக்க முடியாது, பின்னால் விழும் இடைவெளியில் எலி குடியேறுகிறது. வெயில் இன்னொரு பிரச்சினை. கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ எடையுள்ள சாதாரண கான்கிரீட் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில்தான் விடும், மேற்குச் சுவரில் கொடி படரவிட்ட பிறகே தூங்க முடிந்தது. கட்டிக்கொடுத்தவர்கள் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம், அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் உரங்கள் ஈரம் பட்டால் கான்கிரீட்டை அரிக்கும், புளிக்கவைத்த பசுந்தீவனத்திலிருந்து (சைலேஜ்) வடியும் அமிலமும் அப்படித்தான். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் கட்டை போட்டுத் தள்ளி அடுக்குங்கள். தானியத்தைச் சுவரோடு குவிக்கும் எண்ணம் இருந்தால் பக்கவாட்டு அழுத்தத்துக்கும் சேர்த்துக் கம்பி கணக்கிடச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சாக்கெட் எங்கெங்கே வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் வேலை செய்யும் எல்லோரையும் கேட்டு, துணி கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிடுங்கள், பிறகு துளை போடப் போனால் கம்பியில்தான் இடிக்கும்.