படகு பீடிங் வேலைக்கு ஊரம்புப் பக்கம் ஒரு நல்ல பட்டறை

கேரள எல்லையோரப் பூவாற்றில் சுற்றுலாப் படகு வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் கொஞ்சம் வெளுத்தாலே, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று சொல்லும் ஆட்கள்தான் இங்கே அதிகம். ஊரம்புக்கும் பொழியூருக்கும் நடுவில், பெயர்ப்பலகைகூட இல்லாத இந்தப் பட்டறையின் மேஸ்திரி எதையெல்லாம் மாற்ற வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்கிறார். என் ஃபைபர் படகை அங்கே விட்டு எடுத்தேன். வேலை அருமை.

ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை போய்த் திரும்புவதற்குள் எங்கள் படகுகளின் பீடிங் படாத பாடு படும். கண்டல் காட்டுக்குள் வாய்க்கால் குறுகும் இடங்களில் கிளையும் வேரும் உரசும். துறையில் சிமெண்டுச் சுவர் இடிக்கும். ஆனாலும் இவையெல்லாம் மேல்காயம்தான். ரப்பரை உள்ளபடியே தின்பது வெயிலும், காற்றில் உள்ள ஓசோனும்.

மேஸ்திரி உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டு, காய்ந்ததும் பட்டை நெடுக நகத்தால் கீறிக்கொண்டே வந்தார். வெள்ளைப் பொடி உதிர்ந்து அடியில் கறுப்புத் தெரிந்த இடமெல்லாம் தேறும் என்றார். முன்முனை வளைவுக்கு வந்ததும் பட்டையை விரலால் மடக்கிக் காட்டினார். குறுக்குவாட்டில் சின்னச் சின்ன வெடிப்புகள் வாய் திறந்தன. “இது இனி தேறாது மக்களே. மத்ததக் கழட்டாண்டாம்” என்றார். அந்த வளைவையும் எஞ்சின் பக்கத்து ஒரு துண்டையும் மட்டும் மாற்றினார்.

தேறிய பகுதிக்குச் சோப்புத் தண்ணீரும் நைலான் தேய்ப்பானும் போதும். கம்பி பிரஷ்ஷைத் தொடவே விடவில்லை. இங்கே பலர் டீசலில் துணியை நனைத்துத் துடைப்பார்கள். அன்றைக்குக் கறுகறுவென்று மின்னும், உண்மைதான். ஆனால் எண்ணெய் உள்ளே ஊறி ரப்பர் உப்பிவிடும், அப்புறம் பிசுபிசுக்கும். எங்கள் எஞ்சின் பக்கத்துத் துண்டு கெட்டதும் அங்கே சிந்திய பெட்ரோலால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர் புதுப் பட்டையைத் தேர்ந்தெடுத்த விதம். குலசேகரம், அருமனை என்று எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம் நிற்கிற நாடு இது. மேஸ்திரியும் தோட்டத்தில் பால் வெட்டி, ஷீட் அடித்து வளர்ந்தவர். அப்படிப்பட்டவரே பீடிங்குக்கு இயற்கை ரப்பர் வேண்டாம் என்கிறார். இடி தாங்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி அறுத்துவிடும், அதனால்தான் அந்த வெடிப்புகள். இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் அந்தப் பிணைப்பு கிடையாது, அதனால் வெயிலில் நின்று பிடிக்கும். முன்முனைக்கு அதைப் போட்டார். இபிடிஎம்முக்குப் பெட்ரோல் ஆகாது என்பதால் எஞ்சின் பக்கத்துக்கு எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரும் பிவிசி பிளாஸ்டிக்கும் கலந்த பட்டை. ஒரே படகில் இடத்துக்கு இடம் வேறு ரப்பர் போடும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புதுப் பட்டையை வெயிலில் போட்டு இளக்கிவிட்டுத்தான் பொருத்தினார், இழுத்து நீட்டவில்லை. இழுத்து அடித்தால் நாளாவட்டத்தில் சுருங்கி முனையில் இடைவெளி விடுமாம். துருப்பிடித்த ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டார். ஒவ்வொரு துளையிலும் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்தார். பீடிங்குக்கு அடியில்தான் படகின் மேல்தட்டும் உடலும் சேரும் இணைப்பு இருக்கிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் இற்றுப்போகும். இதை அலங்கார வேலை என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

கடைசியாக, தண்ணீர் கலவையிலான புறஊதாக் காப்புத் திரவத்தைத் தடவி, காயத் துடைத்துவிட்டார். மாதம் ஒருமுறை நாமே தடவிக்கொள்ளலாம். சிலிக்கோன் பாலிஷ் கூடவே கூடாது என்றார். விளிம்பு வழுக்கும், அதுவும் இல்லாமல் பின்னாளில் பசையும் பெயிண்டும் பிடிக்காது. படகில் ஏறுகிறவர்கள் கால் வைப்பதே அந்த விளிம்பில்தான். கைக்குழந்தையோடு ஏறும் தாய்மாரை நினைத்தால் அந்த மினுக்கம் நமக்கு எதற்கு?

குறை என்று பார்த்தால், போன் எடுக்க மாட்டார். நேரில்தான் போக வேண்டும். பில்லும் ஒரே தொகையாக எழுதுகிறார், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. முழுதாக மாற்ற வேறொரு இடத்தில் கேட்ட தொகையில் இது பாதிகூட இல்லை.

குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்க ஏறும் சமயம் அது. அப்போது போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மே மாதம் நல்ல வெயில் இருக்கும்போதே கொண்டுபோய் விடுங்கள், பட்டையும் சீக்கிரம் இளகும்.