லீசுக்கு வீடு தேடுறவங்க கவனத்துக்கு: ஆறரை லட்சம் போன கதை

6,50,000 ரூபாய். அக்காவோட நகையை அடகு வச்சதும் மாமாவோட பிஎஃப் பணமும் சேர்ந்த ஆறரை லட்சம். அதுக்குப் பதிலா இப்போ கையில இருக்கிறது 100 ரூபாய் முத்திரைத்தாள்ல ஒரு ஒப்பந்தம், பேங்க்ல இருந்து திரும்பி வந்த ஒரு செக், "சீக்கிரம் காலி பண்ணிக் கொடுங்க"ன்னு நிஜ வீட்டு ஓனர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ். அவ்வளவுதான்.

கம்பெனி பேரைப் போடலை. புகார் கொடுத்தாச்சு, இப்போ பேரு போட்டா அவன் நம்ம மேலேயே அவதூறு நோட்டீஸ் விடுவான்னு வக்கீல் சொல்லிட்டார். பேரு தெரிஞ்சும் பெருசா பிரயோஜனம் இல்லை, போர்டை மாத்திட்டு வேற ஏரியாவுல கடையைத் திறந்துருவான். வகையைச் சொல்றேன், அடையாளம் கண்டுக்குங்க. வீடு தேடுற ஆப்புலயும் ஃபேஸ்புக் குரூப்லயும் "வாடகை இல்லை, புரோக்கரேஜ் இல்லை, மெயின்டனன்ஸ் மட்டும் கட்டினா போதும், முடியும்போது முழுப்பணம் ரிட்டர்ன்"னு விளம்பரம் போடுற புராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் கம்பெனி. சென்னையில வேலைக்குன்னு குடிவர்ற குடும்பங்கதான் இவங்க குறி. வீடு தேடும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில எழுதறேன். முதல்ல இது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும்.

வீடு போலி இல்லை. ஓனரும் போலி இல்லை. அதனாலதான் பிடிபடறதில்லை. கம்பெனிக்காரன் முதல்ல ஓனர்கிட்ட போறான். "எங்க ஸ்டாஃப் தங்கறதுக்கு வேணும் சார், மாசம் 18,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ், வாடகை ஒண்ணாந்தேதி உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துரும், ரிப்பேரெல்லாம் நாங்களே பாத்துக்குறோம்"னு சொல்லி 11 மாச வாடகை ஒப்பந்தம் போடறான். அதுலயே "கம்பெனி தன் விருப்பப்படி யாரையும் குடிவைக்கலாம்"னு ஒரு வரி இருக்கும். ஓனர் பெரும்பாலும் வெளியூர்ல, இல்லைன்னா வெளிநாட்டுல இருக்கிறவர். மாசாமாசம் பணம் வந்தா சந்தோஷம்தானே. சாவி கைமாறுது. அடுத்து அதே வீட்டை நம்மகிட்ட ஆறரை லட்சத்துக்கு லீசுன்னு காட்டறான். நம்ம பணத்துல இருந்துதான் ஓனருக்கு அட்வான்ஸ் போகுது, மாச வாடகையும் போகுது. ஓனருக்குத் தெரிஞ்சது வாடகை மட்டும். நமக்குத் தெரிஞ்சது லீஸ் மட்டும்.

கணக்கைப் பாருங்க. ஆறரை லட்சத்துல ஓனர் அட்வான்ஸ் ஒரு லட்சம் போனா மிச்சம் 5,50,000. எட்டு மாசம் 18,000 கட்டினா 1,44,000. அப்புறம் நிறுத்திட்டா அவன் கையில நிக்கிறது 4,06,000. ஒரே ஒரு வீட்டுல இது. இதே மாதிரி இருபது வீடு வச்சிருந்தா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. புதுசா வர்றவங்க காசை எடுத்து பழைய ஓனர்களுக்கு வாடகை கட்டிக்கிட்டே இருப்பான். புது ஆள் வர்றது குறைஞ்ச மாசத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்துல நிக்கும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு. ஆறரை லட்சத்தை பேங்க்ல 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டா வருஷத்துக்கு 45,500 கிடைக்கும், அதாவது மாசத்துக்கு 3,800 கூட இல்லை. 18,000 வாடகை வர்ற வீட்டை மாசம் 3,800-க்கு எந்த ஓனர் விடுவார்? மொத்தமா பணம் அவசரமா தேவைப்படுற ஓனர் விடுவார். கல்யாணம், ஆபரேஷன், கடனை அடைக்கணும்னு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அப்படிப்பட்டவங்க நிஜமாவே இருக்காங்க, லீஸே மோசம்னு நான் சொல்லலை. ஆனா அவங்க அந்தப் பணத்தைத் தன் கையில வாங்குவாங்க. நடுவுல ஒரு கம்பெனி ஆறரை லட்சத்தை வாங்கி வச்சுக்கிட்டு ஓனருக்கு மாசம் 18,000 கட்டுதுன்னா, அந்தப் பணம் வருஷத்துக்கு 33 சதவீதம் சம்பாதிக்கணும். எந்தத் தொழில்ல வருது அது?

இப்போ நம்ப வச்ச இடத்துக்கு வர்றேன். நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. கண்ணாடி கேபின், சாமி படம், ஜிஎஸ்டி சர்ட்டிபிகேட் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. (ஜிஎஸ்டி நம்பர் யார் வேணா வாங்கலாம். அது யோக்கியதைக்குச் சான்று இல்லை.) அக்கா ஓனரைப் பாக்கணும்னு கேட்டா. அவன் ஒரு செகண்ட் கூடத் தயங்கலை. "தாராளமா பேசுங்க மேடம், எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது"ன்னு நிஜ ஓனருக்கே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சான். "சார், புது ஃபேமிலி வந்திருக்காங்க, நம்ம வீடுதான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க." அந்தப் பக்கம் வயசானவர் குரல்: "ஆமாம்மா, என் வீடுதான். கம்பெனிகிட்ட கொடுத்துட்டேன், எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. நல்லபடியா வச்சுக்குங்கம்மா."

அவர் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லை. யாரும் தொகையைச் சொல்லலை, லீஸா வாடகையான்னு யாரும் கேக்கலை. ரெண்டு நிமிஷத்துல "சரி சார், டவர் சரியில்லை"ன்னு கட் பண்ணிட்டான். இதுதான் இந்தத் தொழிலோட மொத்த வித்தை. ஓனரும் குடிவர்றவரும் பேசலாம், பணத்தைப் பத்தி மட்டும் பேசிடக் கூடாது.

பணம் வாங்கின விதத்தையும் கவனிங்க. டோக்கன் 50,000 யுபிஐ-ல. 4,00,000 கம்பெனி கரன்ட் அக்கவுன்ட்டுக்கு. மிச்சம் 2,00,000 "ஓனருக்கு இன்னைக்கே ரொக்கமா வேணுமாம்"னு கையில. அந்த ரெண்டு லட்சத்துக்குக் கொடுத்தது ஒரு வவுச்சர் சீட்டு, கையெழுத்து கிறுக்கலா இருக்கு, யார் பேருன்னே இல்லை. ஒப்பந்தத்துல முதல் பார்ட்டி இடத்துல ஓனர் பேரு டைப் அடிச்சிருக்கு, கையெழுத்து மட்டும் "ஓனருக்காக"ன்னு கம்பெனி மேனேஜர் போட்டிருக்கான். அந்த அதிகாரத்துக்குப் பவர் பத்திரம் எங்கே? "ஆபீஸ் ஃபைல்ல இருக்கு." சாட்சி ரெண்டு பேரும் அவன் ஆபீஸ் பசங்க. நோட்டரி முத்திரை பளபளன்னு சிவப்புல இருக்கு. நோட்டரி பாக்குறது கையெழுத்துப் போட்ட ஆளை மட்டும்தான். வீடு யாருது, பணம் வாங்க அவனுக்கு உரிமை இருக்கான்னு அவர் பாக்கறதில்லை.

சட்டப்படி இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்புன்னா, வீட்டு மேல சுத்தமா ஒண்ணும் இல்லை. மொத்தமா பணம் கொடுத்து, வட்டிக்குப் பதிலா வீட்டை அனுபவிக்கிறதை ஊர்ல ஒத்தின்னும் போக்கியம்னும் சொல்றோமே, அது அடமானம். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 59-ஆம் பிரிவுப்படி, 100 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள இந்த மாதிரி அடமானம் பதிவு செஞ்ச பத்திரமா இருக்கணும், சொத்துக்காரர் கையெழுத்து போடணும், ரெண்டு சாட்சி வேணும். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சா வில்லங்கச் சான்றிதழ்ல (சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்) ஏறும். பதியலைன்னா அந்த ஆறரை லட்சம், கையெழுத்து போட்டவனுக்குக் கொடுத்த வெறும் கைமாத்து. வீட்டைக் காட்டி வாங்கிட முடியாது.

வாடகை நின்னதும் ஓனர் கம்பெனிக்குப் போன் பண்ணிப் பாத்துட்டு, கடைசியில நேரா வீட்டு வாசலுக்கே வந்துட்டார். "நீங்க யாரும்மா? கம்பெனி ஸ்டாஃபா?" அங்கதான் வெளிய வந்தது. ரெண்டு ஒப்பந்தத்தையும் சாப்பாட்டு மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா, ஒரே மேனேஜரோட கையெழுத்து ரெண்டுலயும். ஒண்ணுல அவன் வாடகைக்காரன், இன்னொண்ணுல ஓனரோட பிரதிநிதி.

அதுக்கப்புறம் அலைக்கழிப்பு. "அக்கவுன்ட்ஸ் மேடம் லீவ்." "ஆடிட்டிங் போயிட்டிருக்கு, திங்கக்கிழமை கிரெடிட் ஆகிரும்." "ஆர்டிஜிஎஸ் போட்டாச்சு, உங்க பேங்க்லதான் சர்வர் பிராப்ளம்." பேங்க் மூலமா பணம் அனுப்பினதுக்கான அடையாள எண்ணான யுடிஆர் நம்பரைக் கொடுன்னா மெசேஜைப் பாத்த ப்ளூ டிக் மட்டும் வருது. (ஆர்டிஜிஎஸ் நிஜமாவே போயிருந்தா யுடிஆர் நம்பர் இல்லாம இருக்காது. கேட்டுக் கொடுக்கலைன்னா பணம் போடலைன்னு அர்த்தம்.) அப்புறம் ஒரு செக். பேங்க்ல போட்டா பணம் இல்லைன்னு திரும்பிச்சு. "அவசரப்பட்டுப் போட்டுட்டீங்களே மேடம், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ங்கறான்! ஆறரை லட்சத்தை விழுங்கிட்டு நமக்குப் புத்தி சொல்றான். ஒருநாள் ஆபீஸுக்குப் போனா ஷட்டர்ல டு லெட் போர்டு.

விளம்பரம் வந்த ஆப்போட கஸ்டமர் கேர்ல, "நாங்க விளம்பரத் தளம் மட்டும்தான், பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை"ன்னு ஒரே பதிலை காப்பி பேஸ்ட் பண்றாங்க. அந்த விளம்பரத்துல "சரிபார்க்கப்பட்டது"ன்னு பச்சை டிக் இருந்துச்சே, எதைச் சரிபார்த்தீங்கன்னு கேட்டா, மொபைல் நம்பரையாம்.

ஸ்டேஷன்ல முதல்ல சொன்னது, "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க." இந்த இடத்துல நிறையப் பேர் திரும்பி வந்துருவாங்க, திரும்பாதீங்க. வாங்கும்போதே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டினா அது கிரிமினல்தான். 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடந்ததுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318 மோசடி, 316 நம்பிக்கை மோசடி. "பணத்தைத் திருப்பித் தரலை"ன்னு மட்டும் புகார் எழுதினா சிவில்னுதான் தள்ளுவாங்க. "ஓனரிடம் வாடகைக்கு எடுத்ததை மறைத்து, ஓனரின் பிரதிநிதி என்று பொய் சொல்லி 6,50,000 ரூபாய் பெற்றார்"னு எழுதி, ரெண்டு ஒப்பந்த நகலையும் இணைங்க. புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க. அதே கம்பெனிகிட்ட ஏமாந்த மத்தவங்க இருந்தா சேர்ந்து போங்க, தனி ஆளாப் போறதுக்கும் பத்துக் குடும்பமாப் போறதுக்கும் கிடைக்கிற மரியாதையே வேற.

ஓனர் மேலயும் கோவம் இருக்கு. அவரும் ஏமாந்தவர்தான், சரி. ஆனா உங்க வீட்டுல யார் குடியிருக்காங்கன்னு ஒரு தடவை வந்து பாக்கத் தோணலையா? இப்போ வந்து தண்ணியை நிறுத்துவேன், ஈபி ஃபியூஸைப் பிடுங்குவேன்னு மிரட்டறதுக்கு மட்டும் நேரம் இருக்கு. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ல வந்தது, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது) தண்ணி, கரன்ட் மாதிரி அத்தியாவசிய வசதியை நிறுத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அந்தச் சட்டப்படி இருக்கிற அதிகாரியான ரென்ட் அத்தாரிட்டிகிட்ட மனு கொடுக்கலாம். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விடக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. இங்க அந்தச் சம்மதத்தை ஒரு வரியில ஓனரே எழுதிக் கொடுத்திருக்கார்!

வீடு எப்படித் தேடணும், தண்ணி எப்படி, பார்க்கிங் எப்படின்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்போ அதுக்கெல்லாம் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

ஓனரை நேர்ல பாருங்க, இல்லைன்னா வீடியோ கால். புரோக்கர் பக்கத்துல இல்லாம, ஓனர் நம்பரை நீங்களே அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட வாங்கிப் பேசுங்க. ஒரே கேள்வி: "நீங்க லீசுக்கு விடறீங்களா, எவ்வளவு, யார் அக்கவுன்ட்டுக்குப் போடணும்?" மூணுக்கும் பதில் ஒத்துப்போகலைன்னா கிளம்பிருங்க.

பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் இலவசமாவே பாக்கலாம். ஓனர்கிட்ட கிரயப் பத்திர எண்ணும் வருஷமும் கேளுங்க. அதுல இருக்கிற பேரு ஈபி பில்லு, சொத்து வரி ரசீது ரெண்டோடயும் ஒத்துப்போகணும். பேங்குக்கு உரிமை ஆவணம் ஒப்படைச்ச பதிவு இருந்தா வீட்டு மேல கடன் இருக்கு. கடன் கட்டலைன்னா பேங்க் வந்து நிக்கும், பதியாத லீஸை அங்க யாரும் மதிக்க மாட்டாங்க. இந்த வீட்டுக்கும் அந்தப் பதிவு இருக்கு. மாசாமாசம் இஎம்ஐ கட்டறவருக்கு மாச வாடகைதான் தேவைன்னு அதுலயே தெரிஞ்சிருக்கும்.

பவர்ல கையெழுத்துப் போடறேன்னு சொன்னா, பதிவு செஞ்ச பவர் பத்திரத்தைப் பாருங்க. லீசுக்கு விடவும் பணம் வாங்கவும் அதுல அதிகாரம் எழுதியிருக்கான்னு வரி வரியாப் படிங்க.

ரொக்கம் ஒரு ரூபாய் கூட வேண்டாம். ஓனர் அக்கவுன்ட் தவிர வேற எதுக்கும் வேண்டாம்.

வீட்டைப் பாக்கறதுக்கே கேட் பாஸ், விசிட்டர் கார்டுன்னு 2,000, 3,000 கேக்கற "மிலிட்டரி ஆபீசர்" ஓனர்கள் வேற தனியா திரியறாங்க. பேசாம பிளாக் பண்ணுங்க. ஆன்லைன்ல பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஏற்கனவே ஏமாந்து செக்கை வச்சுக்கிட்டு உட்காந்திருக்கிறவங்களுக்கு: செக்குல இருக்கிற தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும். திரும்பின மெமோ கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் அவனுக்கு டைம். அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல 138 கேஸ், அதாவது செக் திரும்பினதுக்கான கேஸ். "அடுத்த வாரம் போடுங்க மேடம், அடுத்த வாரம்"னு அவன் இழுக்கிறது இந்தத் தேதிகளைத் தாண்ட வைக்கத்தான். மெமோவை எடுத்து இன்னைக்கே தேதியைப் பாருங்க.