மதர்போர்டு மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள், உள்ளே இருந்தது என் பழைய போர்டுதான்

அடிக்கடி கிராஷ் ஆகும் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வெளியே கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் நன்றாக ஏமாந்துவிட்டு எழுதுகிறேன்.

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப் அது. நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை, அப்புறம் விண்டோஸ் கிராஷ் ஆகி நீலத் திரை வர ஆரம்பித்தது. கேம் ஆடும்போது மட்டும் என்றால் சூடு என்று நினைக்கலாம், இது பிரவுசர் திறந்தாலும் வந்தது, சும்மா விட்டுவிட்டு எழுந்து போனாலும் வந்தது. ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று காட்டும், மறுநாள் வேறொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. இப்படிப் பிழை மாறி மாறி வந்தால் முதலில் ராமைத்தான், அதாவது தற்காலிக நினைவகத்தைத்தான், சந்தேகப்பட வேண்டும். அது எனக்கு அப்போது தெரியவில்லை. வேலையும் தலைக்கு மேல் இருந்ததால் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

முதல் தடவை "விண்டோஸ் கரப்ட்" என்று ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் மறுபடியும் அதே கதை. இரண்டாம் தடவை அங்கிருந்தவர், விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறியோடு இருந்த 'கெர்னல் பவர் 41' வரியைக் காட்டி, "பாருங்க சார், பவர் எரர், போர்டு போயிடுச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். போன தடவை கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த 41 எதுவும் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் பதிவாகும். கிராஷ் ஆன எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைக் காட்டிப் பயமுறுத்தலாம்.

புது போர்டு போட்டதாக பில் கொடுத்தார்கள், பழைய போர்டைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் நீலத் திரை. சரி, என்னதான் இருக்கிறது என்று பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போனால், ஃபேன் வேகத்துக்கு நான் கையால் வைத்த அளவுகள் அப்படியே இருக்கின்றன! அந்த அளவுகள் போர்டிலேயே பதிவாகி இருப்பவை, புது போர்டில் எப்படி வரும்? சைடு கதவைக் கழற்றினேன். நான் ஃபேன் வயரைக் கட்டிவைத்த பச்சை நூல் போர்டின் ஓரத் துளையில் அதே முடிச்சோடு, மேலே தூசி படிந்து, அசையாமல் இருந்தது. பரணில் கிடந்த பழைய அட்டைப்பெட்டியை எடுத்து அதிலிருந்த சீரியல் நம்பரை போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

போய்க் கேட்டால், "அதே மாடல் சார், நம்பரும் அதேதான் இருக்கும்" என்கிறார்! மாடல் நம்பர் ஒன்றாக இருக்கலாம், சீரியல் நம்பர் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். உடனே பேச்சு மாறியது, போர்டை ரிப்பேர்தான் செய்தார்களாம், பில் போட்ட பையன் தப்பாக எழுதிவிட்டானாம். அரை மணி நேரம் நின்று சண்டை போட்டதில் போர்டுக்கான பணம் வந்தது. ஃபார்மட் செய்த கூலி வரவில்லை, அதில் போன சில ஃபைல்களும்தான்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தேன். பத்து நிமிஷத்துக்குள் பிழைகள் வரிசையாக விழ ஆரம்பித்துவிட்டன. ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. இரண்டு ராம் ஸ்டிக்கையும் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன். ஒன்று நாலு சுற்றும் சுத்தமாக முடித்தது, இன்னொன்று முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டது. இதற்குச் செலவு ஒரு ராத்திரித் தூக்கம், அவ்வளவுதான்.

கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் போர்டு, ராம், டிஸ்க் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்துவையுங்கள். மாற்றும் பாகத்தின் பழசு கைக்கு வந்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்தபிறகு கேட்டால் என்னிடம் சொன்ன ஸ்கிராப் கதையைத்தான் உங்களிடமும் சொல்வார்கள்.

இப்போது ஒரே ஸ்டிக்கில் ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக. ஆறு வாரமாக நீலத் திரை இல்லை. பழுதான ஸ்டிக்குக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது, அதை வாங்கிய பில்லைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.