ஊசி பிடிப்பதா, டியூப் பிரிப்பதா? சிங்கப்பூரில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மருத்துவமனையில் வேலை பார்க்க ஆசை, ஆனால் தாதிமைப் படிப்புக்கு வருடக்கணக்கில் ஒதுக்க முடியாது என்பவர்கள் நம்மில் நிறைய உண்டு. ஓ லெவல் முடித்த பிள்ளைகள், ஐடிஇ என்னும் தொழிற்கல்விக் கழகத்தில் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், பிள்ளைகள் பெரிதானபின் மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் அம்மாக்கள். இவர்கள் வேலை விளம்பரங்களைப் புரட்டும்போது இரண்டு பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். ஒன்று ஃபிளபாட்டமிஸ்ட், அதாவது ரத்தம் எடுப்பவர். இன்னொன்று லேப் அசிஸ்டென்ட். கேட்கும் தகுதி கிட்டத்தட்ட ஒன்றுதான், பயிற்சியும் பெரும்பாலும் வேலையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதனால் எது கிடைத்தாலும் சரி என்று இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள்.

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள். ஒரே டியூப்பின் இரண்டு முனைகளில் நடக்கும் வேலைகள்தான் என்றாலும், ஒன்றில் நன்றாக வருகிறவர் மற்றதில் ஆறு மாதத்தில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரத்தம் எடுக்கும் பக்கம். பெயர் ஒன்று, உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன.

பெரிய மருத்துவமனை வார்டில் ரத்தம் எடுப்பதுதான் கடினமானது. காலையில் மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும்போது ரிசல்ட் திரையில் தயாராக இருக்க வேண்டும். அப்படியென்றால் விடிவதற்கு முன்பே ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியாக வேண்டும். முதல் எம்ஆர்டி ரயில் ஐந்தரை வாக்கில்தான் ஓடத் தொடங்கும். வடக்கே உட்லண்ட்ஸில் வீடு, தெற்கே ஊட்ரமில் வேலை என்றால் எப்படிப் போய்ச் சேர்வது என்பதை வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். இந்த ஒரு காரணத்தால் விட்டுப்போனவர்கள் பலர்.

வார்டில் நல்ல கை அமைவது அதிர்ஷ்டம். ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும், அந்தக் கையில் எடுத்தால் டிரிப் நீர் கலந்து ரிசல்ட் கெடும். மறு கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா இருக்கும், அதைத் தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்றால் அந்தப் பக்கத்துக் கையையும் தவிர்க்க வேண்டும். மிஞ்சுவது புறங்கையில் நூல்போல ஓடும் ஒரு நரம்பு, அதாவது ரத்தக்குழாய். வழக்கமான 21 கேஜ் ஊசியை வைத்துவிட்டு, அதைவிட மெல்லிய 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியை எடுக்க வேண்டும். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருக்கவும் கூடாது. நரம்பைக் கண்ணால் தேடாமல் விரலால் தேடப் பழக வேண்டும். அது வர மாதங்கள் ஆகும். இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் வேறு ஒருவரைக் கூப்பிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆனால் வார்டில் உண்மையான ஆபத்து பெயர் குழப்பத்தில்தான் இருக்கிறது. "நீங்கதானே சுப்பிரமணியம்?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரைச் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டுப் பட்டையில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள், தகப்பன் பெயர் மட்டும் வேறாக இருக்கும். அந்த எஸ்/ஓ, டி/ஓ-வுக்குப் பின்னால் வருவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். லேபிளைக் கட்டிலருகிலேயே ஒட்ட வேண்டும், தாதியர் மேசைக்குக் கொண்டுபோய் ஒட்டக் கூடாது. ரத்தம் ஏற்றுவதற்காக வகை பார்க்கும் டியூப்பில் ஆள் மாறினால் உயிரே போகலாம். நல்ல வார்டு ஃபிளபாட்டமிஸ்ட் யார் என்று என்னிடம் கேட்டால், வேகமாகக் குத்துகிறவரைச் சொல்ல மாட்டேன். அவசரத்திலும் இந்த இரண்டு நிமிடத்தைச் சுருக்காதவரைத்தான் சொல்வேன்.

பலதுறை மருந்தகம், அதாவது பாலிகிளினிக், வேறு உலகம். திங்கள் முதல் வெள்ளி வரை பகல் வேலை, சனிக்கிழமை அரை நாள், ஞாயிறும் பொது விடுமுறையும் அடைப்பு. வருகிறவர்கள் நடந்து வருகிறவர்கள், நாற்காலியில் நேராக உட்கார்ந்து கையை நீட்டுகிறவர்கள். நீரிழிவு, கொழுப்பு, சிறுநீரகம் என்று வழக்கமான பரிசோதனைகள். ஆனால் காலை எட்டு மணிக்கே வெறும் வயிற்றோடு பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கும். பசி, எரிச்சல், பயம் எல்லாம் சேர்ந்து உங்கள் முகப்பில் வந்து நிற்கும். இங்கே கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

ஒரு பாட்டி, மூன்று டியூப் நிறைவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, இவ்வளவு ரத்தமா எடுக்கிற? ஒரு வாரம் ஈரல் தின்னாலும் இது ஊறாதே!"

"மூணும் சேர்த்து ரெண்டு டீஸ்பூன்தான் பாட்டி. பத்து மில்லி கூட வராது."

"ரெண்டு டீஸ்பூனா? அப்ப சரி, இன்னொண்ணு வேணும்னா எடுத்துக்க."

இப்படி ஒரு வார்த்தையில் பயம் போய்விடும். மலாய் பாட்டியிடம் "சாக்கிட் சிக்கிட்" என்று சொல்லத் தெரிந்தால், அதாவது கொஞ்சம்தான் வலிக்கும் என்று சொன்னால், தோள் தளர்ந்து கை இளகும். சீனப் பெரியவர்களிடம் பேச நாலு மாண்டரின் வார்த்தை, ஹொக்கியென் வார்த்தை தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. தமிழும் மலாயும் பேசத் தெரிந்த ஒருவர் இந்த முகப்பில் எவ்வளவு பயன்படுவார் என்பதை நம் பெண்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 2030-க்குள் பலதுறை மருந்தகங்களை 32 ஆக உயர்த்துவது அரசின் திட்டம். ஒவ்வொன்றிலும் ரத்தம் எடுக்கும் அறை இருக்கும், அங்கே ஆளும் வேண்டும்.

மூன்றாவது, தனியார் லேபுக்காக வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் போய் எடுப்பது. சுதந்திரம் உண்டு, கூடவே தனிமையும் உண்டு. நரம்பு கிடைக்காவிட்டாலோ, ஆள் மயங்கிச் சாய்ந்தாலோ கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்கள். எடுத்த டியூப்களை நம் ஊர் வெயிலில் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் உங்களுடையதே. முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள். கை நன்றாகப் பழகியபின் போங்கள்.

இனி லேப் பக்கம். இங்கே நோயாளியின் முகம் கிடையாது. குழாய் வழியாகக் காற்றழுத்தத்தில் வார்டுகளிலிருந்து சாம்பிள்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, டியூப்பில் இருக்கும் பெயரும் படிவத்தில் இருக்கும் பெயரும் பொருந்துகிறதா, டியூப்பின் மூடி அந்தப் பரிசோதனைக்குரிய நிறமா, அளவு போதுமா என்று பார்த்து, பார்கோடைக் கணினியில் பதிந்து, எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்ப வேண்டும். மஞ்சள் மூடி டியூப் உறைய அரை மணி நேரம் விட்டுத்தான் சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் இயந்திரத்தில் சுற்ற வேண்டும். அம்மோனியா பார்க்கும் டியூப் ஐஸில் வந்திருக்க வேண்டும். கூடவே சிறுநீர், மலம், சளி, ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் மிதக்கும் திசுத் துண்டு. வாடையைத் தாங்க முடியாதவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெறும் டியூப் பிரிக்கும் வேலை என்று இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். நீல மூடி டியூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் மருந்து ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்று கணக்கு. கோடு வரை நிரம்பாமல் வந்தால், ரத்தம் உறையும் நேரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி மருத்துவர், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை மாற்றிவிடலாம். ஊதா மூடி டியூப்பை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் சில சமயம் மூடியருகே ஒரு சிறு கட்டி ஒட்டிக்கொண்டு நகரும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தவில்லை என்று அர்த்தம். இயந்திரம் அதையும் எண்ணி ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை குறைவாக வரும். அந்தக் கட்டியைக் கண்ணால் பிடித்து, வார்டுக்கு ஃபோன் போட்டு, "மன்னிக்கணும், திரும்ப எடுக்கணும்" என்று சொல்கிறவர் இந்த அசிஸ்டென்ட்தான். மறுமுனையில் திட்டு விழும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொட்டாசியம் எகிறியிருக்கும், கால்சியம் தரைமட்டமாக இருக்கும் என்று ஒரு ரிசல்ட் வரும். நோயாளியோ கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஊதா டியூப்பில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ என்னும் உறைவுத் தடுப்பு மருந்து, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊதாவில் எடுத்த ரத்தத்தைக் கொஞ்சம் மஞ்சளுக்கு யாரோ ஊற்றியிருப்பார்கள், இல்லையென்றால் வரிசை மாற்றி எடுத்திருப்பார்கள். நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல் என்ற வரிசையை எல்லா ஃபிளபாட்டமிஸ்ட்டும் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏன் அந்த வரிசை என்பது லேபில் உட்கார்ந்தால்தான் உறைக்கும். ஆய்வுக்கூடத் தவறுகளில் பெரும்பங்கு இயந்திரத்துக்குப் போகும் முன்பே நடப்பவை. அவற்றைத் தடுக்கும் இரண்டு வாசல்களில்தான் இந்த இரண்டு வேலைகளும் இருக்கின்றன.

லேப் பக்கத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனை லேப் 24 மணி நேரமும் ஓடும், இரவு ஷிஃப்ட் வரும். நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பெரிய லேப்களில் தானியங்கி வரிசைகள் வந்துவிட்டன. மூடி திறப்பது, சுற்றுவது, பிரிப்பது, குளிர்பெட்டியில் அடுக்குவது எல்லாம் இயந்திரமே செய்கிறது. ரத்தம் எடுக்கும் வேலைக்கு அப்படி ஒரு இயந்திரம் நம் வார்டுகளில் இன்னும் வரவில்லை. வெறும் அசிஸ்டென்ட்டாகவே இருபது வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைத்து லேபுக்குள் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் மேலே படிக்கப் போகிறவர்களுக்கு லேப்தான் இடம். லேபில் பரிசோதனைகளைச் செய்யும் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் ஆக பயோமெடிக்கல் சயன்ஸ் போன்ற டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் அதைப் படிக்கலாமா என்று யோசிக்கும் 19 வயதுப் பிள்ளை, ஒரு வருடம் லேபில் சாம்பிள் பெறும் இடத்தில் நின்று பார்த்தால், அந்தத் தொழில் தனக்குப் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும். மாறாக, 45 வயதில் திரும்ப வேலைக்கு வரும் அக்காவுக்கு நான் தயங்காமல் சொல்வது பலதுறை மருந்தகத்தின் ரத்தம் எடுக்கும் அறைதான். மனிதர்களோடு பேசிப் பழகிய அனுபவம் அங்கே நேராகக் கைகொடுக்கும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசு கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைப் பயிற்சிக்குப் பயன்படுத்த முடியுமா என்று, பணம் கட்டும் முன் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் அந்தப் படிப்பின் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிப்புக்கும் அது செல்லாது.

சம்பளம் பேசும்போது, சொல்லும் எண் அடிப்படைச் சம்பளமா, ஷிஃப்ட் படி சேர்ந்ததா என்று கேளுங்கள். உடலுழைப்பு சாராத வேலையில் மாதம் 2,600 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவருக்கு, வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சட்டம்.

தமிழ்நாட்டில் டிஎம்எல்டி என்னும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப டிப்ளோமா முடித்துவிட்டு இந்த வேலைக்காக ஏஜென்ட்டுகளுக்குப் பணம் கட்ட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதிகளில் ஒன்றான எஸ் பாஸைப் புதிதாக வாங்கக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடினால் அதுவும் கூடும். நுழைவு நிலையில் அந்தத் தொகையைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது அபூர்வம். சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் நேர்காணலில் இரண்டு கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியும் அதன் எதிர்ப்புச் சக்தி பரிசோதனையும் வேலை தொடங்கும் முன் தருவார்களா? ஊசி குத்திக்கொண்டால் இரவு மூன்று மணிக்கு யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? ரத்தம் எடுக்கும் வேலையென்றால் மூன்றாவதாக ஒன்று: எத்தனை பேருக்கு மேற்பார்வையில் எடுத்தபின் தனியாக விடுவீர்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "அதெல்லாம் போகப் போகப் பழகிக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.