டாக்ரோ லெவல்: இம்யூனோஅஸேவா, மாஸ் ஸ்பெக்கா?

சென்னையில் கிட்னி மாற்றியவர்கள் இருவர் ஓ.பி. வரிசையில் சந்தித்தால் முதலில் 'கிரியாட்டினின் எவ்வளவு?' என்பார்கள், அடுத்து 'டாக்ரோ லெவல் எவ்வளவு?' என்பார்கள். டாக்ரோ என்பது டாக்ரோலிமஸ், மாற்றிய கிட்னியை உடல் நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மருந்து; அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் லெவல். இரண்டாவது எண் எந்த மெஷினில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

பெரும்பாலான ஆஸ்பத்திரி லேப்களில் இருப்பது இம்யூனோஅஸே. டாக்ரோலிமஸைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்து அளக்கிறார்கள். காலையில் ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே ரிசல்ட் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், மருந்து உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள்களில் சிலவற்றையும் ஆன்டிபாடி மருந்தென்றே எடுத்துக்கொள்ளும். அதனால் எண் கொஞ்சம் கூடவே காட்டும். கல்லீரல் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகலாம்.

எல்சி-எம்எஸ் என்கிற மாஸ் ஸ்பெக் முறை மருந்தைத் தனியே பிரித்து, மூலக்கூறின் நிறையைக் கொண்டு அடையாளம் காண்கிறது. துல்லியத்தில் இதுதான் ஒசத்தி. ஆனால் மெஷின் விலை அதிகம், ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். பல இடங்களில் சாம்பிளைச் சேர்த்துவைத்து வேறு லேபுக்கு அனுப்புவதால் ரிசல்ட் தாமதமாகலாம்.

என்னைக் கேட்டால், வழக்கமான செக்கப்புக்கு இம்யூனோஅஸே போதும். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோ லெவல் எகிறும். அப்போது நாளை மறுநாள் வரும் துல்லியத்தைவிட இன்று சாயங்காலம் கிடைக்கும் எண்தான் உதவும். எண் ஒன்று சொல்ல, ஆளின் உடல்நிலை வேறொன்று சொன்னால் மாஸ் ஸ்பெக். இதே வேலைக்குத் தரப்படும் சிரோலிமஸ் என்ற மருந்திலிருந்து எவரோலிமஸ் என்ற மருந்துக்கு மாறும்போதும் அதுதான்; அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இந்த இரண்டையும் ஆன்டிபாடி குழப்பிக்கொள்ளும்.

இரண்டுக்கும் பொதுவானது ஊதா மூடி ட்யூப். மருந்தில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் முழு ரத்தம்தான் வேண்டும், சீரம் ஆகாது. இரவு எட்டு மணிக்கு மாத்திரை என்றால் காலை எட்டு மணிக்கு ரத்தம், அப்புறம்தான் அடுத்த மாத்திரை. காத்திருக்கும் நேரத்தில் கேன்டீனில் இட்லியோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டால் எந்த மெஷினாலும் சரியான எண்ணைத் தர முடியாது.

முறையை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் மோசம். அதே ரத்தம் ஆஸ்பத்திரி லேபில் ஏழு என்றும், வீட்டுப் பக்கத்து கலெக்‌ஷன் சென்டர் வழியாகப் போனால் ஆறு என்றும் வரலாம். லெவல் இறங்கிவிட்டது என்று டோஸைக் கூட்டினால் கிட்னிக்குத்தான் கேடு. லேப் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ரிப்போர்ட்டில் 'மெதட்' என்ற வரியை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.