என்பிடெல்: ஆலை வேலையில் இருப்பவர் படிக்கலாமா?

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் பிளானிங் பிரிவில் இருக்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. எந்த மாடல், எத்தனை, எந்த வாரம் என்று ஷாப் ஃப்ளோருக்கு அட்டவணை போட்டுத் தருவது என் வேலை. சென்னை ஐஐடி பேராசிரியர் ஜி. சீனிவாசன் நடத்தும் ‘இன்ட்ரொடக்‌ஷன் டு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்ற எட்டு வாரப் படிப்பை என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டத்தில் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கையில் இருக்கும் சரக்கு, மெஷின், நேரத்தை வைத்து அதிகப் பலன் எடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் படிக்க முடியுமா என்று எங்கள் கம்பெனியிலும் அக்கம்பக்கத்திலும் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். முடியும், படிக்கவும் வேண்டும். ஆனால் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துக் கட்டிய ஓர் ஏற்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு நுழைவது நல்லது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து மத்திய அரசின் பணத்தில் 2003இல் தொடங்கியது என்பிடெல். நல்ல ஆசிரியர் கிடைக்காத பொறியியல் கல்லூரிகளுக்கும் ஐஐடி பாடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். 2014இலிருந்து தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017இல் மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம் தொடங்கியபின் பதிவு எல்லாம் அதன் வழியாகத்தான். சேருவதற்குக் கட்டணம் இல்லை, வயது வரம்பும் இல்லை. பாடம் பார்ப்பது, வாரா வாரம் தரும் பயிற்சியான வாரக் கணக்குகளைச் செய்வது எல்லாமே இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். நான் கட்டியது ஆயிரம் ரூபாய்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

படிப்பில் சேருவதற்கு முன்பே யூடியூபில் சீனிவாசன் சாரின் பழைய விரிவுரைத் தொடர் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ‘ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்று தேடினால் வரும். முதல் வகுப்பிலேயே ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிறு உற்பத்தியாளர் இரண்டு பொருள் செய்கிறார். முதல் பொருளில் ஒன்றுக்கு 6 ரூபாய் லாபம், இரண்டாவதில் 5 ரூபாய். முதல் பொருள் ஒன்று செய்ய, ஒரு சரக்கில் 1 அலகும் இன்னொரு சரக்கில் 3 அலகும் வேண்டும். இரண்டாவது பொருளுக்கு 1 அலகும் 2 அலகும். கையிருப்பு 5 அலகும் 12 அலகும்தான். எதை எத்தனை செய்தால் லாபம் அதிகம்?

எங்கள் சேல்ஸ் ஆட்களிடம் கேட்டால், லாபம் அதிகமுள்ளதையே முழுக்கப் போடு என்பார்கள். போட்டுப் பாருங்கள்: நான்குதான் செய்ய முடியும், 24 ரூபாய். லாபம் குறைந்ததை மட்டும் போட்டால்கூட ஐந்து வரும், 25 ரூபாய். முதல் பொருள் 2, இரண்டாவது பொருள் 3 என்று கலந்து போட்டால் 27. அதற்குமேல் போகவே முடியாது என்பதை அவர் பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறார். மாதம் பிறந்தால் பிளானிங் மீட்டிங்கில் நாங்கள் குரல் உயர்த்திப் பேசும் விஷயம் மொத்தமும் அந்த ஒரு கணக்கில் இருந்தது. அரை எச்பி மோனோபிளாக் பம்பும் ஒரு எச்பி மோனோபிளாக் பம்பும் ஒரே லேத்துக்கும், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரே வைண்டிங் பிரிவுக்கும்தானே அடித்துக்கொள்கின்றன!

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, ஒவ்வொரு சரக்கும் நமக்கு எவ்வளவு பெறும் என்று மறுபக்கத்திலிருந்து பார்க்கும் ‘டூவாலிட்டி’ பாடம். அதே கணக்கில் முதல் சரக்கு ஓர் அலகு கூடுதலாகக் கிடைத்தால் லாபம் 3 ரூபாய் ஏறும், இரண்டாவது சரக்கு ஓர் அலகு கூடினால் 1 ரூபாய்தான் ஏறும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. சரக்கு என்ற இடத்தில் மெஷின் நேரத்தை வைத்துப் பாருங்கள். ஓ.டி. (ஓவர்டைம்) எந்தப் பிரிவுக்குக் கொடுப்பது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஓ.டி. என்றாலே மெஷின் ஷாப்புக்குத்தான் போகும், வழக்கம் அப்படி. இந்த மாதிரிக் கணக்குக்கு விடை கண்டுபிடித்துத் தரும் எக்செல் சால்வரில் நான் போட்டுப் பார்த்தபோது நெருக்கடி வைண்டிங்கில் இருந்தது. மேனேஜரிடம் அந்த ஷீட்டைக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. எண்களை அவரே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். வைண்டிங் அக்காக்களுக்கு இப்போது சீசனில் முறையாக ஓ.டி. கிடைக்கிறது. ஒரு படிப்பிலிருந்து இதைவிட என்ன வேண்டும் எனக்கு?

சார் நடத்தும் விதத்தையும் சொல்ல வேண்டும். பேச்சில் அவசரம் இல்லை. ஒவ்வொரு வரியையும் எழுதிக் காட்டித்தான் அடுத்ததற்குப் போகிறார். ஆங்கிலம்தான், ஆனால் தமிழ் வழியில் பத்தாவது முடித்து டிப்ளமோ போன என்னைப் போன்றவர்கள் பின்தொடரக்கூடிய ஆங்கிலம். இந்தக் கணக்குகளுக்குப் படிப்படியாக விடை காணும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணை வரும் இடத்தில் மட்டும் வீடியோவை நிறுத்தி, நோட்டில் நீங்களே ஒருமுறை போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பார்த்தால் புரிந்த மாதிரியே இருக்கும், பேனா எடுத்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து தேர்வு. என்பிடெல் சான்றிதழுக்கு இருக்கும் மரியாதை முழுவதும் இதனால்தான் என்பது என் உறுதியான கருத்து. வாரக் கணக்குகளுக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. எட்டு வாரப் படிப்பில் சிறந்த ஆறு வாரங்களை எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே ஓரிரு வாரம் ஷிஃப்ட் மாறித் தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம். 25க்கு 10, 75க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன் கணினியில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். சான்றிதழில் நம் படம் இருக்கும், வாரக் கணக்கு மதிப்பெண்ணும் தேர்வு மதிப்பெண்ணும் தனித்தனியாக இருக்கும், அந்தப் படிப்பில் எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்பதும் இருக்கும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து யாரும் சரிபார்க்கலாம்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பல ஆயிரம் கட்டி ஆன்லைன் சான்றிதழ் வாங்கினார். வீடியோ ஓடி முடிந்தால் போதும், சான்றிதழ் இறங்கிவிடும். அவர் உண்மையிலேயே உழைத்துப் படித்தவர். ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து அவர் படித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் எச்ஆர் அதை ஃபைலில் வைத்ததோடு சரி. எவ்வளவு வருத்தமாக இருந்தது தெரியுமா?

இடிக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, காலண்டர். ஜனவரி முதல் ஏப்ரல், ஜூலை முதல் அக்டோபர் என்று கல்லூரிப் பருவத்தை ஒட்டியே பெரும்பாலான படிப்புகள் நடக்கின்றன. கோடைக்கு முந்தைய மாதங்கள் பம்பு தொழிலுக்கு உயிர் போகிற சீசன். ஜனவரிப் பருவத்தில் சேர்ந்து ஏப்ரலில் தேர்வு எழுதுவது எங்கள் ஊர் ஆட்களுக்குப் பெரும்பாடு. ஜூலைப் பருவம்தான் நமக்குச் சரி. வேறு தொழிலில் இருப்பவர்கள் தங்கள் சீசனைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது துணை. கல்லூரிகளில் என்பிடெல்லின் ‘லோக்கல் சாப்டர்’ என்று வைத்து, அதற்கு ஒரு பேராசிரியரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கெடு நெருங்கினால் மாணவர்களை அவர் விரட்டுவார். மாணவர்களுக்குக் கல்லூரி வழியாக, பட்டப் படிப்பில் சேரும் கிரெடிட்டும் உண்டு. ஆலையில் இருக்கும் நமக்கு அப்படி யாரும் இல்லை. குறித்த நாள் இரவு 11:59க்குள் விடைகளைப் பதிவு செய்யாவிட்டால் அந்த வாரம் போச்சு. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து உட்காருகிறவரை உந்தித் தள்ள ஆள் வேண்டும். நானும் டூல் ரூம் தம்பி ஒருவரும் சேர்ந்தே பதிவு செய்தோம். டீ டைமில் கணக்கைப் பேசித் தீர்ப்போம். தனியாகச் சேராதீர்கள், இதுதான் என் முதல் யோசனை.

மூன்றாவது, மொழியும் பாடத்தின் நிலையும். பல படிப்புகளுக்கு விரிவுரைகளைத் தமிழில் எழுத்து வடிவில், மின்னூலாகக்கூடப் போட்டிருக்கிறார்கள். அது பெரிய வேலை, செய்தவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் அதற்கும் அடிப்படைப் பொறியியல் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாட்டின் தொழிற்சாலைகளைத் தாங்கி நிற்கும் ஃபிட்டரும் டர்னரும் வைண்டரும் பெரும்பாலும் ஐடிஐ முடித்தவர்கள், அல்லது வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கு என்பிடெல் எட்டாது. அவர்களுக்கு நான் சொல்வது, சென்னை கிண்டியில் இருக்கும் ‘நிமி’ நிறுவனத்தின் பாடங்கள். ஐடிஐ புத்தகங்களைத் தயாரிப்பவர்கள் அவர்கள்தான், தமிழிலும் உண்டு. மத்திய அரசின் ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தில் டிரேடு வாரியாகக் கேள்வித் தொகுப்புகளும் வீடியோக்களும் கிடைக்கின்றன. ஆனால் சீனிவாசன் சார் மாதிரி ஒருவர் தமிழில், ஒரு வைண்டருக்கு மோட்டார் ஏன் சூடாகிறது என்பதைப் பலகையில் எழுதிப் புரியவைத்து, வாரக் கணக்கு கொடுத்து, மையத்தில் தேர்வும் வைத்தால் எப்படி இருக்கும்! என்பிடெல்லின் முறை அப்படியே ஐடிஐ நிலைக்கும் இறங்கி வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

2024 பிப்ரவரியில் ‘ஸ்வயம் பிளஸ்’ வந்திருக்கிறது. தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து வேலைக்கான படிப்புகளைத் தருவதற்காக, சென்னை ஐஐடி பொறுப்பில் நடக்கிறது. நான் அதில் படித்ததில்லை, அதனால் மதிப்பெண் போடவில்லை.

முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நான் கட்டிய தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். பாஸ் செய்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தேர்வு சனி, ஞாயிறுகளில் வரும். அன்று மட்டும் ஷிஃப்ட் போடாதீர்கள்.

சீனிவாசன் சாரின் படிப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. வேலையில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு என்ற வகையில் என்பிடெல்லுக்கு மூன்றரை. பிளானிங், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் பிரிவுகளில் இருப்பவர்கள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சிலிருந்தே தொடங்கலாம். எந்த குடோனிலிருந்து எந்த டீலருக்கு லோடு அனுப்புவது என்ற போக்குவரத்துக் கணக்கும் அதில் வருகிறது. ஜூலைப் பருவத்துக்கான பதிவு அதற்குச் சில வாரங்கள் முன்பே திறந்துவிடும். ஸ்வயம் தளத்தில் கணக்குத் தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும்.